கயிற்றில் ஒரு காலியிடம்

ஏப்ரல் 20, 1961

இனே என்ற மீனவர் ஊரிலிருந்து நேற்று சாயங்காலம் கியோட்டோ வந்து சேர்ந்தோம். இரண்டு ரயில், ஒரு பஸ். முதுகு விண்ணென்று வலிக்கிறது. கிதாமுரா சான் வழி முழுக்க ஓவிய நோட்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார்.

கிதாமுரா ஹிசாயோ என்னோடு படிப்பவர்; சான் என்பது இங்கே மரியாதைக்குப் பெயரோடு சேர்ப்பது. என்னைவிட ஏழு வயது மூத்தவர். கணவர் போருக்குப் போய்த் திரும்பவில்லை. இவாகுரா சென்செயிடம் பதினாறு வருடமாகக் கற்கிறார். சென்செய் என்றால் இங்கே வாத்தியார். நான் கும்பகோணத்துப் பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர் வேலைக்கு நீண்ட விடுப்புப் போட்டுவிட்டு உதவித்தொகையில் வந்து பதினாலு மாதம் ஆகிறது.

இனேயில் வீடுகளின் கால்கள் கடலுக்குள் நிற்கின்றன. மாடியில் மனிதர்கள், கீழே படகு. நேற்றுக் காலை ஒரு வீட்டு வாசலில் கயிறு கட்டிக் கணவாய் மீன் காயப்போட்டிருந்தார்கள். இருபது இருபத்தைந்து இருக்கும். வெயில் ஒவ்வொன்றின் உள்ளேயும் புகுந்து வெளியே வந்தது. எண்ணெய் தடவிய காகிதத்துக்குப் பின்னால் விளக்கு வைத்த மாதிரி. நாங்கள் உட்கார்ந்து பென்சில் சீவுவதற்குள் அந்த வீட்டம்மா வந்து, வரிசையின் நடுவிலிருந்து ஒன்றை அவிழ்த்து, கரியடுப்பில் வாட்டி, எங்கள் இருவருக்கும் பாதிப் பாதியாகக் கொடுத்தார்.

"வரிசை கெட்டுப்போச்சே" என்றேன்.

"கெட்டுப்போகலை சகாய் சான். இப்பத்தான் படம் வந்திருக்கு" என்றார் கிதாமுரா சான்.

அவிழ்த்த இடத்தில் வெறும் கயிறு. அதன் வழியாக ஒரு முழம் கடல் தெரிந்தது. அவர் தலையைத் தூக்காமல் நான்கு முறை அதையே வரைந்தார். நான் முதலில் படகுகளை வரைந்தேன். பிறகு கயிற்றையும்.

திரும்பும்போது என் பெயருக்கு அர்த்தம் கேட்டார். ஆபத்சகாயம் இவர்கள் வாயில் நுழையாமல் சகாய் சான் ஆகிவிட்டது. ஆபத்தில் உதவுகிறவன் என்றேன். "பெரிய பேருதான். தூக்கிக்கிட்டு நடக்க முடியுதா?" என்று சிரித்தார்.

ஊரில் இருக்கும் மனைவி தையல்நாயகிக்குக் கடிதம் எழுதினேன். பிரயாணத்தில் வெறும் சோறும் ஊறுகாயும்தான் என்று.

மே 6

மாதாந்திரக் கூட்டம். சென்செய் வீட்டின் பெரிய அறையில் பாய் மேல் மாணவர்கள் நாற்பது பேருடைய படங்களையும் பரப்பி வைத்தோம். அவருக்கு எழுபத்து நாலு வயது. சின்ன உருவம். காலுறை அணிந்த பாதங்களால் படங்களுக்கு நடுவே சத்தமில்லாமல் நடப்பார். பேச மாட்டார். இந்த ஊரில் ஓவியத்துக்குத் தீர்ப்புச் சொல்கிற யாரை எடுத்துக்கொண்டாலும் ஒரு காலத்தில் இந்த வீட்டில் வண்ணத்துக்குப் பசை காய்ச்சியவராகவே இருக்கிறார். தோக்கியோவில் இலையுதிர்காலத்தில் நடக்கும் ஓவியப் பெருங்காட்சியின் நடுவர்களில் பாதிப்பேர் இவருடைய பழைய மாணவர்கள்.

என் படகுக்கு முன்னால் குனிந்தார். தூரிகையை வாங்கி, படகின் அடியில் ஒரே ஒரு மெல்லிய கோடு இழுத்தார். அதுவரை காகிதத்தில் ஒட்டியிருந்த படகு தண்ணீரில் மிதந்தது. நான் ஐந்து வருடம் பள்ளிப்பிள்ளைகளுக்குப் படகு வரையக் கற்றுக்கொடுத்தவன்.

கிதாமுரா சானின் கணவாய் வரிசைக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

"இது இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

மூத்த மாணவர் நொமுரா அதை எடுத்து உள்ளறைக்குக் கொண்டுபோனார். ஐம்பது வயதுக்காரர்; வீட்டு நிர்வாகம் முழுக்க அவர் கையில். பதினாறு வருடத்தில் கிதாமுரா சானின் படத்தை சென்செய் எடுத்துவைத்தது இதுதான் முதல் தடவையாம். எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

மே 29

கிதாமுரா சான் தன் படத்தைத் திருப்பிக் கேட்டார். சென்செய் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நொமுரா சான் சொன்னார்.

ஜூன் 14

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. தோல் செருப்பில் பச்சையாகப் பூஞ்சை. துணி எதுவும் காயவில்லை.

உதவித்தொகை அக்டோபரோடு முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்க வேண்டுமானால் சென்செயின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். நொமுரா சானிடம் கேட்டேன். "பார்ப்போம்" என்றார். பிறகு, "பதினேழாம் தேதியிலிருந்து உள்ளறைக்குப் பசை காய்ச்சறது உங்க வேலை" என்றார்.

உள்ளறை சென்செய் தனியாக வரையும் இடம். அங்கே வெளிநாட்டுக்காரன் யாரும் கால் வைத்ததில்லையாம். கல்லைப் பொடித்த வண்ணங்கள் காகிதத்தில் ஒட்ட மிருகத்தோல் பசை வேண்டும். சைவப் பிள்ளை வீட்டில் பிறந்தவன் தினமும் தோலை ஊறவைத்துக் காய்ச்சுகிறேன். பசை என்று மட்டும் வீட்டுக்கு எழுதியிருக்கிறேன்.

ஜூன் 17

உள்ளறையில் முதல் நாள். ஆளுயரப் படம். கடல் சம்பந்தப்பட்டது. சிப்பியை அரைத்த வெள்ளை நிறையச் செலவாகிறது.

ஜூன் 18

வேலை. மழை.

ஜூலை 9

மழை விட்டுவிட்டது. கிதாமுரா சான் தன் படத்தைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார். தறிகள் ஓடும் ஒரு சந்தில் வாடகை அறை. படம் சுவரில் சாய்ந்து அறையை அடைத்துக்கொண்டு நின்றது. சட்டியும் போர்வையும் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்தன. முதல் வரைவு சென்செயிடமே இருப்பதால் ஞாபகத்திலிருந்து வரைந்திருக்கிறார். அதே கயிறு, அதே வரிசை, நடுவில் அதே காலியிடம்.

"இந்த வருஷம் பெருங்காட்சிக்கு இதைத்தான் அனுப்பப்போறேன். சென்செய்க்குப் பிடிச்சிருக்கு, இல்லையா?"

"நல்லா இருக்கு" என்றேன்.

"உள்ளறையில அவர் என்ன வரையறார்?"

"கடல்."

"சென்செய் கடல் வரையறாரா! கடைசியா வரைஞ்சப்ப எனக்கு இருபத்தஞ்சு வயசு" என்று கைகளைத் தட்டினார். வெள்ளரிக்காய் நறுக்கி உப்பு போட்டுக் கொடுத்தார். சாப்பிட்டேன்.

உள்ளறையில் கண்டதை வெளியே பேசக்கூடாது என்பது இந்த வீட்டு வழக்கம். அந்நியன் நான் வழக்கத்தை மீற முடியுமா? அதுவும் தவிர, பெரியவர்கள் ஒரு விஷயத்தை எடுத்தால் அதற்கு ஏதாவது காரணம் இருக்கும்.

ஜூலை 10

நேற்று எழுதியதைப் படித்தேன். எழுதிவிடுகிறேன். சென்செய் வரைவது அந்தக் கயிற்றைத்தான். கணவாய்களும் அவைதான், காலியிடமும் அதுதான். கிதாமுரா சானின் வரைவு அவருடைய முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பறக்காமல் இருக்க மூலையில் ஒரு கல் வைத்திருக்கிறார். அந்தக் கல்லை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். சென்செயின் படம் மேல். அவருடைய வெள்ளைக்கு எடையே இல்லை. அந்தக் காலியிடத்தில் தெரிகிற கடலைப் பார்த்தால் மூச்சை இழுத்துக்கொள்ளத் தோன்றுகிறது. அது மேலாக இருப்பது எனக்கு ஒரு சௌகரியமாகிவிட்டது.

ஆகஸ்ட் 3

தையலிடமிருந்து கடிதம்.

"இன்னும் ரெண்டு வருஷம் இருக்கலாம்னு ஆசையா இருக்குன்னு எழுதியிருக்கீங்க. இருந்து கத்துக்கிட்டு வாங்க. உங்க அண்ணன் ஊரெல்லாம் உங்களைப் பத்திப் பேசி முடியலை. பாப்பா ஸ்கூல்ல, எங்கப்பா ஜப்பான் ராஜாவுக்குப் படம் போடறாருன்னு சொல்லிட்டு வந்திருக்கா. நான் திருத்தலை. நீங்க அனுப்பின போட்டோ வந்துது. வெறும் சோறும் ஊறுகாயும் சாப்பிடற மனுஷன் முகம் இப்படி இருக்காதுங்க. என்ன சாப்பிடறீங்களோ அதை எழுதுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

பதில் எழுத உட்கார்ந்தேன். வெயில் என்று எழுதினேன். கும்பகோணத்து வெயிலுக்கு ஒப்பிடும்போது ஒன்றுமில்லை என்று எழுதினேன்.

ஆகஸ்ட் 17

பெருங்காட்சிக்கு அனுப்ப விரும்புகிறவர்கள் படத்தை முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டும். கிதாமுரா சானும் தறிக்காரர் ஒருவரும் படத்தைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். நொமுரா சான் போர்வையை விலக்கினார். பார்த்தார். மறுபடி மூடிவிட்டார்.

பிற்பகலுக்குள் வீடு முழுக்கப் பேச்சு. கிதாமுரா உள்ளறையை எட்டிப் பார்த்து சென்செயின் படத்தைக் காப்பியடித்துவிட்டாராம்.

"வரைவு என்னோடது. மே மாசம் நீங்கதான் எடுத்துட்டுப் போனீங்க" என்று கிதாமுரா சான் சொன்னதைச் சமையலறையிலிருந்து கேட்டேன்.

"அப்படி ஒரு வரைவு இந்த வீட்ல இல்லை" என்றார் நொமுரா சான். மே மாதம் அதைப் பார்த்த எல்லோரும் வீட்டில்தான் இருந்தார்கள்; ஒருவரும் மறுக்கவில்லை.

ஆகஸ்ட் 19

நொமுரா சான் தேநீருக்குக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. சென்செய்க்குக் கால் வீங்கினால் இவர்தான் பிடித்துவிடுகிறார். இவருடைய சொந்தப் படத்தை நான் பார்த்ததே இல்லை.

"நாளை மறுநாள் எல்லாரையும் கூட்டி விசாரிக்கணும். இனேயில நீங்கதானே கூட இருந்தீங்க?"

"ஆமா."

"நம்ம ஆளுங்க யாராவது சொன்னா ஒரு பக்கம் சாஞ்சு சொல்றாங்கன்னு இருக்கும். நீங்க வெளியூர்க்காரர். நீங்க சொன்னா நம்புவாங்க." தேநீரை ஊற்றினார். "ஆனா அங்க நீங்க உங்க வரைதல்ல மும்முரமா இருந்திருப்பீங்க. பக்கத்துல இருக்கறவங்களைக் கவனிச்சிருக்க மாட்டீங்க."

தேநீரைக் குடித்தேன்.

"இந்த வீடு அவர் ஒருத்தர் பேர்ல நிக்குது சகாய் சான். அவருக்கு இதுதான் கடைசிப் பெரிய படம். உங்க கடிதம் எழுதியாச்சு. அவர் முத்திரை வெக்கிறதுதான் பாக்கி."

ஆகஸ்ட் 21

கூட்டம் காலையில் நடந்தது. நொமுரா சான் கேட்டார். கவனிக்கவில்லை, நான் படகுகளை வரைந்துகொண்டிருந்தேன் என்று சொன்னேன். படகுகளை வரைந்தது உண்மைதான்.

பிற்பகல் துணி துவைத்தேன்.

ஆகஸ்ட் 22

நேற்று முழுதாக எழுதவில்லை.

சென்செய் தூணுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கூட்டம் முடியும்வரை தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கேட்டபோது மட்டும் நிமிர்ந்தார். நான் பதில் சொன்னதும் மறுபடி உள்ளங்கை.

கிதாமுரா சான் என் பக்கம் திரும்பவில்லை. நான் பேச ஆரம்பித்தபோது அவர் தோள் சற்றுத் தளர்ந்ததைப் பார்த்தேன். இனிக் கவலையில்லை என்பதுபோல. நான் முடித்தபோது அந்தத் தோள் அப்படியே இருந்தது. அது இறுகியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

வீட்டைவிட்டுப் போகச் சொன்னார்கள். நெற்றி பாயில் படும்படி சென்செய்க்கு வணங்கினார். அப்புறம் நாற்பது பேருக்கும் வணங்கினார். எனக்கும். யாருக்கும் குறைவில்லாமல், எனக்கும் அதே அளவு குனிந்து.

செப்டம்பர் 11

நீட்டிப்புக் கடிதம் வந்தது. இரண்டு வருடம்.

செப்டம்பர் 12

எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 16

பெரிய சூறாவளி. பகல் ஒரு மணிக்கே வானம் கறுத்துவிட்டது. ஓடுகள் காகிதம் போலப் பறந்தன. உள்ளறையின் மரக்கதவு ஒன்று பெயர்ந்து தண்ணீர் சாரலாக உள்ளே அடித்தது. தோக்கியோவுக்கு அனுப்ப சென்செயின் படத்தைப் பெட்டியில் போட்டு வைத்திருந்தோம். யாரும் சொல்லாமலே ஓடிப்போய் அந்தப் பெட்டியை முதுகால் மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று மணி நேரம். முதுகு முழுக்கக் கீறல். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை.

சாயங்காலம் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். நொமுரா சான் தன் கையால் மருந்து தடவினார். சென்செய் மட்டும் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

தறிச்சந்துப் பக்கம் கூரைகள் போய்விட்டன என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பக்கம் போய்ப் பார்க்கவில்லை.

அக்டோபர் 24

சென்செயின் படத்துக்குத் தோக்கியோவில் ஏகப்பட்ட புகழ். பத்திரிகையில் அரைப்பக்கம். அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். கயிற்றின் நடுவில் விட்ட அந்த வெற்றிடம் எழுபத்து நாலு வயதுக் கலைஞர் தன் மரணத்தை அமைதியோடு பார்ப்பது என்று விமரிசகர் எழுதியிருக்கிறார். இளைஞர் யாருக்கும் இது தோன்றியிருக்காதாம்.

அது மரணமும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் இருந்ததை நான் தின்றேன். உப்பும் புகையுமாக இருந்தது. நன்றாகவே இருந்தது. இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று அந்த அம்மாளைப் பார்த்தேன்.

நவம்பர் 12

கிதாமுரா சானைப் பார்த்தேன். அவர் குடியிருந்த அறையில் இப்போது வேறு யாரோ. தறிக்காரர்தான் இடம் சொன்னார். கிமோனோப் பட்டுக்குச் சாயம் தீட்டும் பட்டறை. நீளமாக இழுத்துக் கட்டிய பட்டுக்கு முன்னால் பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்து செவ்வந்திப்பூ வரைந்துகொண்டிருந்தார்கள். எல்லாம் ஒரே பூ. இவர் கடைசியில் இருந்தார்.

வெளியே வந்து கால்வாய் ஓரத்தில் நின்றோம். விரல்களில் மஞ்சள் சாயம்.

என் மொழி போதவில்லை, கேள்வி சரியாகப் புரியவில்லை, வீட்டு வழக்கம் தெரியாது என்று நான் தயார் செய்து வைத்திருந்ததையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

"ஒசாகின்னு ஒருத்தர் இருந்தார்" என்றார். "உங்களுக்கு முன்னாடி. பன்னிரண்டு வருஷம் ஆச்சு. சென்செயோட பனிப்பாலம் பார்த்திருக்கீங்கல்ல?"

பார்க்காமல் எப்படி? அந்தப் படத்தின் பிரதி இங்கே பள்ளிப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

"அது ஒசாகியோட வரைவு. அவர் வரையும்போது பக்கத்துல நின்னு குடை பிடிச்சது நான். நொமுரா சான் கேட்டார். கவனிக்கலைன்னு சொன்னேன். குளிர்ல கை விறைச்சுப்போச்சு, கையையேதான் பார்த்துக்கிட்டிருந்தேன்னு சொன்னேன்."

கால்வாயில் ஒரு வாத்து எதிர்நீச்சல் போட்டுக்கொண்டிருந்தது. அது ஒரே இடத்தில் நின்றது.

"அன்னிக்கு நீங்க வாயைத் திறக்கற வரைக்கும் நீங்க வேற மாதிரின்னு நெனைச்சேன். அப்புறம், நான் யாருகிட்ட எதிர்பார்க்கறேன்னு வெட்கமாப் போச்சு. உங்க மேல கோபப்பட எனக்கு இடமே இல்லாமப் பண்ணிட்டீங்க சகாய் சான். அதுதான் கஷ்டமா இருக்கு."

மேஸ்திரி கூப்பிட்டார். போய்விட்டார்.

நவம்பர் 30

பசை காய்ச்சினேன். கரிந்துவிட்டது. மறுபடி காய்ச்சினேன்.

டிசம்பர் 19

என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். படகுகள் உள்ள பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் கயிறு. ஓரத்தில் அதை வரைந்துகொண்டிருக்கும் கிதாமுரா சானின் முதுகையும் வரைந்திருக்கிறேன். தேதி போட்டிருக்கிறேன். ஆகஸ்டில் இதுவும் என் அலமாரியில்தான் இருந்தது. இருக்கிறது என்று தெரியும்.

இந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டால் என்ன என்று ஒருமுறை நினைத்தேன். அதையும் எழுதிவைக்கிறேன்.

ஜனவரி 7, 1962

சென்செய் வீட்டில் புத்தாண்டுக் கூட்டம். பழைய மாணவர்களும் வந்திருந்தார்கள். தோக்கியோ நடுவர்கள் மூன்று பேர் உட்பட அறுபது பேருக்கு மேல். ஒவ்வொருவரும் எழுந்து சென்செயின் படத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். என் முறை வந்தது. நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தேன்.

"ஆகஸ்ட் மாசம் நான் பொய் சொன்னேன். ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி காலையில இனேயில கிதாமுரா சான் அந்தக் கயித்தை வரைஞ்சதை நான் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தேன். நடுவுல இருந்த கணவாயை நாங்க ரெண்டு பேரும் சாப்பிட்டோம்" என்றேன்.

யாரோ கிண்ணத்தைக் கீழே வைத்தார்கள்.

நொமுரா சான் சிரித்துக்கொண்டே எழுந்தார். "சகாய் சானோட ஜப்பானிய மொழி இன்னும் கொஞ்சம் சிரமம்தான். அவர் என்ன சொல்ல வர்றார்னா, சென்செயோட படம் அவ்வளவு உயிரோட இருக்கு. தானே அங்க உட்கார்ந்திருந்த மாதிரி, அந்தக் கணவாயைச் சாப்பிட்ட மாதிரியே இருக்காம்."

அறை முழுக்கச் சிரிப்பு. எல்லோருக்கும் மூச்சு வந்தது. நடுவர் ஒருவர் என் தோளில் தட்டி, பிரமாதம் என்றார். ஒரு கணம் எனக்கும் மூச்சு வந்தது. உட்கார்ந்துவிடலாம். சொல்லவும் சொல்லியாயிற்று, ஒன்றும் ஆகவும் இல்லை. வாய் லேசாகச் சிரிக்க ஆரம்பித்துவிட்டதை உணர்ந்தேன்.

"இல்லை நொமுரா சான்" என்றேன். "எனக்கு இந்த மொழி போதுமான அளவு தெரியும். படம் கிதாமுரா ஹிசாயோவோடது. நான் பார்த்தேன். பார்க்கலைன்னு சொன்னேன்."

நோட்டைத் திறந்து பாயில் வைத்தேன். யாரும் அதைக் குனிந்து பார்க்கவில்லை.

சென்செய் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "எனக்கு முதல் தடவையே புரிஞ்சுது" என்றார். தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஜனவரி 20

பத்திரிகையில் எதுவும் வரவில்லை. வராது. சென்செயின் படம் அருங்காட்சியகம் ஒன்றுக்குப் போகிறது; நடக்கவேண்டியது நடந்துகொண்டிருக்கிறது. நொமுரா சான் என்னைக் கூப்பிட்டு, இந்த வீட்டில் இனி எனக்கு இடமில்லை என்று சொன்னார். வீடு இல்லையென்றால் உதவித்தொகையும் இல்லை. கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போயிருந்தார்.

"ரெண்டாவது தடவை ஏன் சொன்னீங்க? நான்தான் உங்களைக் காப்பாத்திட்டேனே" என்றார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

தையலுக்கு எழுதினேன். உதவித்தொகை போனதை, ஏன் என்பதை, பசை எதைக் கொண்டு காய்ச்சுவது என்பதை, கணவாயை. ஆறு பக்கம். உடனே தபாலில் போட்டுவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 8

நாளைக்குக் கப்பல். விடைபெறப் பட்டறைக்குப் போனேன். கிதாமுரா சானுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"சென்செய் இங்க வந்தார்" என்றார். "போன வாரம். தனியா. வரைவைத் துணியில சுத்தி எடுத்துட்டு வந்தார். ரொம்ப நாளா வெச்சுக்கிட்டேன்னு சொல்லிக் கொடுத்தார்."

"மன்னிப்புக் கேட்டாரா?"

"இல்லை. நான் பூ வரையறதைக் கொஞ்ச நேரம் நின்னு பார்த்தார். இந்த இதழ் கனமா இருக்குன்னார்." விரல்களைத் துடைத்தார். "கனமாத்தான் இருந்துது. அவர் போனப்புறம் மெல்லிசா மாத்தினேன். என்ன மனுஷி நான்னு தோணிச்சு."

ஒசாகி இருக்கும் இடத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாராம். வட பக்கம் ஏதோ ஊரில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவதாகக் கேள்வி. கிடைத்தால் நேரில் போவாராம்.

வெளியே பனியும் மழையும் கலந்து விழ ஆரம்பித்தது. கிளம்பினேன்.

"ஒண்ணு கேக்கணும் சகாய் சான். ஆகஸ்ட்ல ஏன் சொல்லலை?"

மொழி என்று ஆரம்பித்தேன். நிறுத்திக்கொண்டேன்.

"இன்னும் ரெண்டு வருஷம் இங்க இருக்கணும்னு ஆசைப்பட்டேன். உங்களைவிட அதுதான் எனக்குப் பெரிசாப் பட்டுது" என்றேன்.

அவர் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னேன். கேட்டுவிட்டு மெல்லத் தலையசைத்தார். வெகுநாள் வைத்திருந்த ஒரு சுமையை இறக்கியதுபோலவும் தெரியவில்லை, ஏற்றியதுபோலவும் தெரியவில்லை.

"மன்னிச்சேன்னு சொல்ல வரலை" என்றார். "நனையாதீங்க." கதவுக்குப் பின்னால் இருந்த தன் குடையை எடுத்துக் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டார். விரித்துப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

பிப்ரவரி 9, கோபே

துறைமுகத்தில் பெட்டிகளை ஏற்றிவிட்டுப் பார்த்தால் குடை என் கையில். ரயிலில் ஏறும்போதும் இறங்கும்போதும் அதைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறேன். கைப்பிடியில் மஞ்சள் சாயம், அவருடைய விரல் பதிந்த இடத்தில்.

கப்பல் புறப்பட ஒரு மணி நேரம் இருந்தது. துறைமுகத்துக்கு வெளியே ஓடினேன். இரண்டு பேரிடம் வழி கேட்டுத் தபால் ஆபீசைக் கண்டுபிடித்தேன். முன்னால் நாலு பேர். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் குடையைக் காகிதத்தில் சுற்றுவதற்கே நேரம் எடுத்துக்கொண்டார். பட்டறை விலாசத்தை மெதுவாக, ஒரு கோடுகூடப் பிசகாமல் எழுதினேன். சங்கு ஊதியது.

"உங்க கப்பலா? ஓடுங்க சார்" என்றார் அந்தப் பெண். "சாதாரணக் குடைதானே. வெச்சுக்கிட்டா அவங்க ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க."

"இல்லைங்க" என்றேன். "இது அவங்களோடது."